கண்ணாடிக் கடைக்கு மேல்மாடி

மஹய்யாவ, கண்டி.
12.11.2002

மதிப்புக்குரிய செல்வி இராஜகுமாரி அவர்களுக்கு,

என் பெயரைப் பார்த்ததும் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். போன வருடம் செப்டம்பர் பதினாலாம் திகதி காலையில் கலஹாவிலிருந்து கண்டிக்கு வந்த பஸ், ஹிந்தகலவுக்கு மேலே உள்ள வளைவில் பள்ளத்தில் இறங்கியதே, அந்த பஸ்ஸை ஓட்டியவன் நான்தான். உங்கள் விலாசத்தை வழக்குத் தாளில் பார்த்து எழுதிக்கொண்டேன்.

அன்று காயம்பட்ட பதினொரு பேரில் மற்ற எல்லோரும் ஒரு மாதத்துக்குள் எழுந்து நடந்துவிட்டார்கள். நீங்கள் மட்டும் தொடை எலும்பும் இடுப்பும் உடைந்து மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். இரண்டு தடவை தோடம்பழம் வாங்கிக்கொண்டு உங்கள் வார்டு வாசல்வரை வந்தேன். உள்ளே வர கால் வரவில்லை. பழத்தை அங்கே இருந்த ஒருவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். உங்களுக்கு வந்து சேர்ந்ததோ என்னவோ.

அன்றிலிருந்து நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஒரு ஹோர்ன் சத்தம் கேட்டாலே நெஞ்சை யாரோ இறுக்கிப் பிடித்தது போல மூச்சு நின்றுவிடும். கிளினிக்கில் எல்லாம் பார்த்துவிட்டு இதயத்துக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். என் மனைவி புஷ்பம் மாநகர சபையில் வேலை. விடியற்காலை யட்டிநுவர வீதியைக் கூட்டுவது அவள்தான். அங்கே ஒரு கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் யோகா வகுப்பு நடக்கிறது. அந்த மிஸ்ஸிடம் என்னைப் பற்றிச் சொல்லி, ஒரு நாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பத்துப் பன்னிரண்டு பெண்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் தங்கிவிட்ட ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர், நடுவில் சாரம் கட்டிக்கொண்டு நான். காலைத் தூக்கச் சொன்னார்கள். சாரத்தோடு எப்படித் தூக்குவது? எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பல மாதத்துக்குப் பிறகு சிரித்தது அன்றுதான். மறுநாள் புஷ்பம் காற்சட்டை வாங்கி வந்தாள். செவ்வாய், வியாழன் விடியலிலும் சனிக்கிழமை ஒன்பது மணிக்கும் என்று இப்போது நான்கு மாதமாகப் போகிறேன். மூச்சு கொஞ்சம் வந்து போகிறது.

நெஞ்சில் கிடப்பதை யாருக்காவது எழுதிப் பாருங்கள் என்று மிஸ் சொன்னார். அதனால் எழுதுகிறேன். பிரேக் பிடிக்காமல் போனது விதி. என்றாலும் ஓட்டியவன் நான். மன்னிக்க வேண்டும்.

இப்படிக்கு,
காளிமுத்து


கலஹா, மேல் பிரிவு.
25.11.2002

திரு. காளிமுத்து அவர்களுக்கு,

உங்கள் கடிதம் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான்கு நாள் கிடந்து என் கைக்கு வந்தது. தோடம்பழம் வரவில்லை.

நான் அன்று எந்த சீட்டில் இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியுமா? உங்களுக்கு நேர் பின்னால். ஒன்பது வருடம் கண்டியில் துணிக்கடைக்கு வேலைக்குப் போனேன், ஒன்பது வருடமும் அதே சீட். அதனால் நடந்தது எனக்குத் தெரியும். நமக்குப் பின்னால் வந்த பஸ் நம்மை முந்திக்கொண்டு போனது. உங்கள் கண்டக்டர் தகரத்தில் அடித்து, "விடாதீங்கண்ணே, அவன விடாதீங்க" என்று கத்தினான். நீங்கள் சிரித்தீர்கள். "இந்தா பாரு, அந்த வளைவுலயே முந்திடுறேன்" என்றீர்கள். பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. பிடித்த சத்தமும் எனக்குக் கேட்டது. நீங்கள் பிடித்தது பிந்திவிட்டது, அவ்வளவுதான்.

இதைப் பொலிசில் சொன்னேன். நீங்களும் உங்கள் முதலாளியும் பிரேக் என்று சொன்னீர்கள். கண்டக்டரும் அதையே சொன்னான். மற்றவர்கள் ஒன்றும் பார்க்கவில்லை என்றார்கள். கடைசியில் இந்தத் தோட்டத்தில் நான் பொய்க்காரி. ஏழை டிரைவர் ஒருவனை உள்ளே தள்ளப் பார்க்கிறவள். கால் போன ஆத்திரத்தில் பேசுகிறவள். என் சொந்த அண்ணன் ராஜலிங்கமே, "மயக்கத்துல என்னத்தப் பாத்தியோ, விட்டுரு" என்றான்.

கால் வலிப்பது ஒரு பக்கம். அது இருக்கட்டும். கண்ணால் பார்த்ததைச் சொல்லிவிட்டுப் பதினாலு மாதமாகப் பொய்க்காரியாக வாழ்வது எப்படி என்று உங்கள் மிஸ்ஸுக்குத் தெரியுமா? அவர் எழுதச் சொன்னாராம், நீங்கள் எழுதினீர்களாம். என் கால் உங்கள் மூச்சுக்கு மருந்து இல்லை.

இனி எழுதுவதென்றால் உண்மையை எழுதுங்கள். இல்லையென்றால் முத்திரையை வீணாக்க வேண்டாம்.

ப. இராஜகுமாரி


மஹய்யாவ.
8.12.2002

தங்கச்சி இராஜகுமாரிக்கு,

இதற்கு முன் ஆறு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

நீங்கள் எழுதியது எல்லாம் உண்மை. பிரேக் பிடித்தது. நான்தான் முந்தப் பார்த்தேன். நான் சிரித்ததும் உண்மை. உங்களுக்குக் கேட்டிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

அன்று மத்தியானமே முதலாளி வந்து, "பிரேக்னு சொல்லு, மத்தத நாங்க பாத்துக்கிறோம்" என்றார். எனக்கு நாற்பத்தாறு வயது. ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். சொல்லிவிட்டேன். ஒரு தடவை சொன்ன பிறகு அதை மாற்ற முடியவில்லை. புஷ்பத்துக்கும் பிரேக் என்றுதான் தெரியும்.

வகுப்பு முடிகிற நேரத்தில் எல்லோரும் மல்லாந்து படுப்போம். கையையும் காலையும் விட்டுவிட்டுக் கண்ணை மூட வேண்டும். போன வியாழன் உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். கண்ணை மூடியதும் என் சிரிப்பு எனக்கே கேட்டது. எழுந்து படி இறங்கி வீதிக்கு ஓடிவிட்டேன். எங்களோடு படிக்கிற ஹபீலா பின்னாலேயே ஓடி வந்தாள். அதே வீதியில் தையல் கடை வைத்திருப்பவள், என்னை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவாள். "எனத்த நானா? எனத்த நடந்த? செல்லுங்க" என்றாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். கடையைத் திறந்து தண்ணீர் கொடுத்து, கேள்வி கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

தயவு செய்து இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்ட வேண்டாம். ஜனவரி இருபத்தெட்டில் வழக்கு இருக்கிறது. உண்மை வெளியே வந்தால் உள்ளே போகவும் நேரும் என்று வக்கீல் சொல்கிறார்.

காளிமுத்து


கலஹா, மேல் பிரிவு.
20.12.2002

திரு. காளிமுத்து அவர்களுக்கு,

முதலில் ஒன்று. என்னைத் தங்கச்சி என்று எழுதாதீர்கள். எனக்கு ஒரு அண்ணன் போதும்.

கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறேன். ஆனால் அந்த இரண்டாவது வரியை எத்தனை தரம் படித்தேன் என்று எனக்கே கணக்கில்லை. "நீங்கள் எழுதியது எல்லாம் உண்மை." கொஞ்ச காலமாக எனக்கே ஒரு சந்தேகம் வந்திருந்தது. எல்லோரும் சொல்வது போல நான்தான் ஏதோ கனவு கண்டுவிட்டேனோ என்று. இனி அந்தப் பயம் இல்லை. அதற்கு மட்டும் நன்றி.

ஆனால் ஒளித்து வைத்த உண்மையால் எனக்கு என்ன லாபம்? காலையில் தண்ணீர் பிடிக்கப் பைப்படிக்குப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். டின்னைத் திறந்து கடிதத்தையா காட்டுவேன்? நீங்கள் காட்டக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் வாக்குக் கொடுக்காமலேயே காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை.

நீங்கள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் பஸ்ஸில் ஏறவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து த்ரீவீலில் வந்தவள்தான். அதற்குப் பிறகு கலஹா டவுனைத் தாண்டவில்லை. துணிக்கடை வேலை போய்விட்டது. வீட்டில் தையல் மெஷினை ஒற்றைக் காலால் மிதிக்கிறேன். கிளினிக்குக்கு நான்கு தடவை போகவில்லை. அண்ணன் கூட்டிப் போகிறேன் என்று ஒரு தடவை பஸ் வாசல்வரை கொண்டு போனான். படியில் கால் வைத்ததும் கை கால் எல்லாம் வேர்த்து, வாந்தி எடுத்துவிட்டேன். இதை நான் வேறு யாருக்கும் எழுதியதில்லை.

அந்த மூச்சை எப்படி விடச் சொல்லிக் கொடுத்தார்கள்? கேட்டு வைக்கிறேன். கேட்பதில் தவறில்லையே.

இராஜகுமாரி


மஹய்யாவ.
5.1.2003

இராஜகுமாரி அவர்களுக்கு,

இனி தங்கச்சி என்று எழுதமாட்டேன்.

உங்கள் கேள்வியை மிஸ்ஸிடம் கேட்டேன். பெயர் சொல்லவில்லை, தெரிந்த ஒருவருக்கு என்று மட்டும் சொன்னேன். மிஸ்ஸின் பெயர் நிலூக்கா. முப்பது வயதுகூட இருக்காது. சிங்களத்தில் அண்ணனை "அய்யா" என்பார்கள். அவர் என்னை அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் யாரோ முதலாளியைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்ப்பேன்.

அவர் சொன்னது: இடுப்பு உடைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் உடம்பை வளைக்கிற எதையும் செய்யக்கூடாது. மூச்சு மட்டும் போதும். ஒரு கதிரையின் முன் பாதியில் நிமிர்ந்து உட்காருங்கள், முதுகைச் சாய்க்க வேண்டாம். இரண்டு பாதமும் தரையில் இருக்கட்டும். நான்கு எண்ணி மூச்சை இழுங்கள். ஆறு எண்ணி விடுங்கள். விடுவதுதான் முக்கியமாம். பயந்தவர்கள் இழுத்துக்கொண்டே இருப்பார்கள், விட மறந்துவிடுவார்கள் என்றார். அது சரிதான். நான் மாதக் கணக்காக இழுத்துக்கொண்டேதான் இருந்தேன்.

முதல் வாரம் ஒன்றும் தெரியாது. எரிச்சல்தான் வரும். விட்டுவிடாதீர்கள். எனக்கு ஆறாவது வாரத்தில்தான் ஒரு வித்தியாசம் தெரிந்தது. அதுவும் படுத்து எழுந்ததால் வந்ததில்லை. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் பாயைச் சுருட்டிவிட்டு, ஹபீலா பிளாஸ்கில் கொண்டு வருகிற இஞ்சித் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்போம். ஒருவர் முழங்கால் வலியைச் சொல்வார், ஒருவர் மருமகளைச் சொல்வார். போஸ்ட்மாஸ்டர் தில்லைநாதன் ஐயா பழைய தந்திக் கதைகளைச் சொல்வார். நான் வராத நாளில் யாராவது வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்பார்கள். அந்தப் படியில் உட்காரத்தான் நான் போகிறேன் என்றுகூட நினைப்பதுண்டு.

அவர்கள் எல்லோரும் பிரேக் என்றே நம்பியிருக்கிறார்கள். "பாவம் நானா" என்கிறாள் ஹபீலா. தேத்தண்ணீரைப் பாதியிலேயே வைத்துவிடுகிறேன்.

இருபத்தெட்டாம் திகதி என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

காளிமுத்து


கலஹா, மேல் பிரிவு.
19.1.2003

காளிமுத்து அவர்களுக்கு,

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் பொங்கல் நன்றாகப் போயிருக்கும் என்று நம்புகிறேன்.

நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால் முதல் நாள் கொட்டாவிதான் வந்தது. இரண்டாம் நாள் இருமல். மூன்றாம் நாள் பக்கத்து லயத்து வீடுகளின் சண்டை எல்லாம் காதில் விழுந்தது, எண்ணிக்கை தப்பிவிட்டது. என்றாலும் விடவில்லை. காலையும் மாலையும் செய்கிறேன். அண்ணன் ஒரு நாள் பார்த்துவிட்டு, "என்னா குமாரி, மூச்சு வாங்குதா?" என்று பயந்துபோனான்.

போன வெள்ளிக்கிழமை டவுனுக்கு நூல் வாங்கப் போனேன். பஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து, மூன்று பஸ் போகிற வரைக்கும் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். நான்காவது பஸ் வெறுமனே நின்றது. எஞ்சின்கூடப் போடவில்லை. மெதுவாக எழுந்து போய், கைப்பிடியைப் பிடித்துப் படியில் ஏறி நின்றேன். பத்து மூச்சு. கண்டக்டர் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, ஏறுறீங்களா, எறங்குறீங்களா? ஒரு முடிவச் சொல்லுங்க" என்றான். "எறங்குறேன்" என்று இறங்கிவிட்டேன். வாந்தி வரவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது சிரிப்பாக வந்தது.

வழக்குக்கு வரச் சொல்லி எனக்கும் கட்டளை வந்திருக்கிறது. என்னால் வர முடியாது. டாக்டர் சீட்டு வாங்கி அனுப்பிவிட்டேன். படியில் பத்து மூச்சு நின்றவள் ஹிந்தகல வளைவைத் தாண்டி வருவாளா?

ஆக, அன்று உங்கள் பின்னால் யாரும் உட்கார்ந்திருக்கமாட்டார்கள். நீங்கள் என்ன சொன்னாலும், இல்லை என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. அதை நினைத்துத்தான் எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. பயமுறுத்த எழுதவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

இராஜகுமாரி


மஹய்யாவ.
29.1.2003

இராஜகுமாரி அவர்களுக்கு,

சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு வார்த்தையை முதலில் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. இனி நடந்தபடி சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. அன்று மாலை புஷ்பத்திடம் சொன்னேன். அவள் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "அந்தப் பொம்பள எப்புடி இருந்திருப்பா இவ்வளவு நாளும்" என்றாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சனிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் படிக்கு வருவதற்குள், ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று பாயிலேயே உட்கார வைத்தேன். சிங்களத்தில் பாதி, தமிழில் பாதியாகச் சொன்னேன். முந்தப் பார்த்ததை, சிரித்ததை, பொய் சொன்னதை, உங்களை. தில்லைநாதன் ஐயா எழுந்தார். பாயைச் சுருட்டினார். என்னைப் பார்க்காமல் படி இறங்கிப் போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். அன்று தேத்தண்ணீர் இல்லை. மிஸ் மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டே, "செவ்வாய்க்கிழமை வகுப்பு இருக்கிறது, அய்யா" என்றார். எனக்கு அந்த மாடி அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை விடியல் வகுப்புக்குப் போகவில்லை. புஷ்பத்தோடு நேராகக் கோர்ட்டுக்குப் போனேன். உள்ளே நுழைந்தால் கடைசி பெஞ்சில், மடித்த குடையோடு தில்லைநாதன் ஐயா. அவருக்குப் பக்கத்தில் ஹபீலா, மிஸ், இன்னும் நான்கு பெண்கள். வகுப்பை முடித்துவிட்டு உடை மாற்றி நேரே வந்திருக்கிறார்கள். ஐயாதான் பேசினார். "எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். கோபத்தோடை அங்கை இருக்க ஏலாமல்தான் எழும்பிப் போனனான். இண்டைக்கும் கோபம் இருக்கு. அதுக்காண்டி உம்மை இஞ்சை தனிய நிக்க விடேலுமே? போம், போய்ச் சொல்லும்."

பெயர் கூப்பிட்டதும் கூண்டில் ஏறினேன். பழையபடி மூச்சு நின்றது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆறு எண்ணி விட்டேன். நீதவான் தலையை நிமிர்த்திப் பார்த்தார். முதலாளியின் வக்கீல் என்னைப் பார்த்து, பழையதையே சொல் என்பது போலக் கையைக் காட்டினார். பிரேக் பழுதில்லை, நான்தான் வேகமாக வந்து வளைவில் முந்தப் பார்த்தேன், முன்னால் சொன்னது பொய், பின்னால் இருந்த பெண் சொன்னதுதான் சரி என்று சொன்னேன். உங்கள் பெயரை முழுதாகச் சொன்னேன். அது எழுதப்பட்டிருக்கிறது.

லைசன்ஸ் இரண்டு வருடத்துக்கு இல்லை. தண்டப் பணம் கட்ட வேண்டும். ஆறு மாதச் சிறை, ஆனால் ஒத்திவைத்திருக்கிறார்கள். திரும்பத் தப்புச் செய்தால்தான் உள்ளே. வாசலில் முதலாளி, இனி என் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து படுத்தவன், விளக்கு வைக்கிற நேரத்தில்தான் எழுந்தேன். புஷ்பம் இரண்டு தடவை மூக்கில் கை வைத்துப் பார்த்தாளாம்.

இந்தக் கடிதத்தை யாருக்கு வேண்டுமானாலும் காட்டுங்கள். முன்பு எழுதியதையும் சேர்த்து.

காளிமுத்து


கலஹா, மேல் பிரிவு.
16.2.2003

காளிமுத்து அண்ணனுக்கு,

இப்படி எழுத எனக்கு இன்று மனம் வந்தது. நாளைக்கு மாறினாலும் மாறும், ஆகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தை அண்ணன் ராஜலிங்கத்திடம் கொடுத்தேன். வாசலில் நின்று படித்தான். படித்து முடித்தும் மடிக்காமல் நின்றான். "நான் ஒன்ன நம்பியிருக்கணும் குமாரி" என்றான். அவ்வளவுதான். மறுநாள் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யார் யாரிடமெல்லாம் காட்டினானோ தெரியாது, கடிதம் எண்ணெய்க் கறையோடு திரும்பி வந்தது. பைப்படியில் இப்போது பேச்சு நிற்பதில்லை. யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, எப்படிக் கேட்பார்கள். முன்பு என்னைக் கண்டதும் முதல் ஆளாகப் பேச்சை நிறுத்துகிற அங்கம்மா மட்டும் ஒரு தட்டில் பணியாரம் கொண்டு வந்து வைத்துவிட்டு, எதற்கு என்று சொல்லாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். எனக்கு மிகவும் ஆத்திரமாக இருந்த ஆள் அவள்தான். பணியாரம் நன்றாக இருந்தது.

உங்களைச் சிறையில் போட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேனா என்று யோசித்தேன். நவம்பர் மாதம் என்றால் பட்டிருப்பேன். இப்போது உங்கள் கடிதத்தில் "ஒத்திவைத்திருக்கிறார்கள்" என்ற இடம் வந்ததும் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு நீளமாக மூச்சு விட்டேன். ஆறு வரை எண்ணவில்லை. அதற்கும் மேலே போயிருக்கும்.

நேற்று பஸ்ஸில் ஏறினேன். அண்ணனும் கூட வந்தான். டிரைவருக்குப் பின் சீட்டில் உட்காரவில்லை, நடுவில் உட்கார்ந்தேன். அந்த வளைவுக்கு முன்னால், "எறக்கிவிடுங்க" என்று கத்திவிட்டேன். இறங்கி, வீதியோரமாக அந்த இடத்தை நடந்தே கடந்தேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். உடைந்த தடுப்பைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். புல் முளைத்துவிட்டது. அப்புறம் அடுத்த பஸ் பிடித்துப் பேராதனை போய், கிளினிக்குக்குத் திகதி எடுத்துக்கொண்டு, தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினோம். வரும்போதும் அந்த இடத்தில் இறங்கித்தான் நடந்தேன்.

உங்கள் வகுப்பில் கதிரையில் உட்கார்ந்து செய்கிறவர்களைச் சேர்ப்பார்களா?

இராஜகுமாரி


மஹய்யாவ.
4.3.2003

அன்புள்ள இராஜகுமாரிக்கு,

சேர்ப்பார்கள். மிஸ் சொன்னார், கிளினிக்கில் டாக்டர் சரி என்று எழுதிக் கொடுத்தால் அந்தச் சனிக்கிழமையே வரலாம். கதிரையை நானே பார்த்து எடுத்து வைக்கிறேன். ஆட்டமில்லாத கதிரையாக.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. குட்ஷெட்டில் பஸ்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிற டைம்கீப்பர் வேலை. தில்லைநாதன் ஐயா யாரிடமோ பேசி வாங்கிக் கொடுத்தார். நேரத்துக்கு முந்தி வந்த பஸ்ஸை நிறுத்தி வைப்பேன். டிரைவர்மார் என்னைத் திட்டுகிறார்கள். ஹோர்ன் அடிக்கிறார்கள். திட்டட்டும், அடிக்கட்டும். நான் நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் அங்கே இருப்பது உங்களுக்குச் சிரமம் என்றால் எழுதுங்கள். நான் செவ்வாயும் வியாழனும் மட்டும் போய்க்கொள்கிறேன்.

காளிமுத்து


கலஹா, மேல் பிரிவு.
23.3.2003

அன்புள்ள காளிமுத்து அண்ணனுக்கு,

நேற்று நேரில் பார்த்தும் ஒன்றும் பேசவில்லை. நீங்கள் "வாங்க" என்றீர்கள், நான் "ம்" என்றேன். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு உங்கள் பிடரியைத்தான் தெரியும். ஒன்பது வருடம் அதையேதான் பார்த்துக்கொண்டு வந்தேன். நேற்று ஒருவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது யாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் பக்கம் வைத்து, ஆடுகிறதா என்று கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனீர்கள். அந்தப் பிடரியைக் கண்டதும்தான் அடையாளம் தெரிந்தது. முடி நன்றாக நரைத்துவிட்டது.

மாடிப் படியில் ஏற எனக்கு வெகு நேரம் எடுத்தது. ஹபீலா கீழே வந்து என் கைப்பையை வாங்கிக்கொண்டு, என்னைப் பிடிக்காமல், ஒரு படி பின்னாலேயே வந்தாள். பிடித்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. மேலே போனதும் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள் என்று பயந்தேன். ஒருவர் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். புஷ்பம் அக்கா வேலை உடுப்போடு எட்டிப் பார்த்துவிட்டு, "வந்துட்டீங்களா, சாப்பிட்டீங்களா?" என்றார். இவ்வளவு காலமும் யாராவது என்னைப் பார்த்தால், "கால் எப்படி?" என்றுதான் கேட்பார்கள்.

கையைத் தூக்கினோம், தோளைச் சுற்றினோம். கடைசியில் எல்லோரும் படுத்தார்கள். நான் கதிரையிலேயே கண்ணை மூடினேன். சுற்றிப் பதினைந்து பேர் மூச்சு விடுகிற சத்தம். அதில் உங்களுடையது எது என்று முதலில் தேடினேன். கொஞ்ச நேரத்தில் தேடுவதை விட்டுவிட்டேன். தில்லைநாதன் ஐயா குறட்டை விட்டார்.

நீங்கள் சனிக்கிழமை வராமல் இருக்க வேண்டாம். வாருங்கள்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். அந்த வார்த்தை முழுதாக வருகிற நாளும் இருக்கிறது, வராத நாளும் இருக்கிறது. குளிர் நாளில் இடுப்பு வலிக்கும்போது வராது. பொய்யாக எழுத எனக்கு விருப்பமில்லை, உங்களுக்கும் இனி அது வேண்டியிருக்காது. வேறொன்று எழுதுகிறேன். அது முழு உண்மை.

நேற்று போகும்போது அண்ணன் கூட வந்தான், அந்த இடத்தில் வழக்கம்போல இறங்கி நடந்தேன். திரும்பும்போது அவனுக்குக் கண்டியில் வேலை இருந்ததால் தனியாக ஏறினேன். பஸ் நிறையச் சனம், வெயில், ஜன்னல் காற்று. பேராதனைப் பாலம் தாண்டியது ஞாபகம் இருக்கிறது. அடுத்து கண்டக்டர் தோளில் தட்டி, "அக்கா, கலஹா வந்துருச்சு, எழும்புங்க" என்றான். நான் தூங்கியிருக்கிறேன். அந்த வளைவு எப்போது வந்தது, எப்போது போனது, எனக்குத் தெரியாது.

அன்புடன்,
இராஜகுமாரி